வேலியோரத்துப் பன்னிரண்டு ஆமணக்கு

சறோஜினிதேவி இறந்த இருபதாம் நாள் காலை, அவருடைய ஒரே மகன் நிலக்ஷன் கத்தியை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினான். வந்த நாள் தொடக்கம் அவனுக்கு அழுகை வரவில்லை. பசியும் இல்லை. ஆட்கள் வந்து கதிரையில் இருந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவன் தேத்தண்ணீர் கொடுத்தான், கோப்பைகளைக் கழுவினான்.

கொழும்பில் அவனுக்கு லிப்ற் பழுதுபார்க்கும் வேலை. பதினாறு வருடம். அம்மா வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் லிப்றில் ஏறியிருக்கிறார். நெஞ்சுநோவோடு யாழ்ப்பாண ஆசுபத்திரிக்குப் போன அன்று. கூடப்போனவர் அம்மாவின் தங்கை, சீதேவி சின்னம்மா.

“இது விழாதோ எண்டு என்னைக் கேட்டவ,” என்று சின்னம்மா செத்தவீட்டில் எல்லோருக்கும் சொன்னார். “பிறகு தானே சொன்னா, விழாது, என்ர பிள்ளை மாதிரி ஒருத்தன் பாத்திருப்பான் எண்டு.”

அடுத்த நாள் விடிய அம்மா இறந்துவிட்டார். அவன் அப்போது வவுனியாவைத் தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். தைப்பொங்கலுக்கு வரச் சொல்லி அம்மா கேட்டிருந்தார். லீவு இல்லை என்றிருந்தான். லீவு இருந்தது.

அம்மா பிறந்தது இதே புங்குடுதீவில். தொண்ணூற்றொன்றில் சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடியதிலிருந்து ஏழு இடம் மாறினார். ஏழு இடத்திலும் கத்தரி நட்டார். வாடகை வீட்டுக் கிணற்றடியில் நட்டார். அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில், கழிவுநீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் நட்டார். ஒரு காலம் கூடாரத்துக்குப் பின்னால், மொத்தமாக இரண்டே கன்று. காய் பறிக்க முதல் எழும்பி ஓட வேண்டி வந்த இடங்களும் உண்டு. கணவர் கொழும்பில் கடையொன்றில் நின்றவர், அங்கேயே காலமானார். கடைசியில் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருந்தது. அம்மா கூரை போட முதல் பாத்தி கட்டினார்.

தீவில் மாரி மழைக்குப் பிறகு கொஞ்சக் காலம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கலாம். பங்குனி கழிய உவர் ஏறிவிடும். ஆகவே கார்த்திகையில் நட்டு, உவர் வர முதல் பறித்து முடிக்க வேண்டும். இந்த முறையும் அம்மா கார்த்திகையில் இருபத்துநாலு கத்தரிக் கன்று நட்டிருந்தார். அவர் இறந்தபோது அவை பூத்திருந்தன. இப்போது பிஞ்சு பிடித்திருந்தது.

“முப்பத்தோராம் நாள் படைக்கிறதுக்குக் கடைக்காய் ஒண்டும் வேண்டாம்,” என்று சின்னம்மா எட்டாம் நாள் சடங்கு முடிந்த அன்றே சொல்லியிருந்தார். “அவ நட்ட கத்தரிக்காயில பால்கறி வைப்பம். நீ தோட்டத்தைப் பார். அது காணும்.”

அவனிடம் கேட்கப்பட்டது அது ஒன்றுதான். தன்னால் செய்யக்கூடியதும் அது ஒன்றுதான் என்று நினைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அவன் அம்மாவுக்கு ஒரு தோட்ட வரைபடம் கீறிக் கொடுத்திருந்தான். கட்டத்தாளில், ஒன்றுக்கு ஐம்பது அளவில். பாத்தி, நடைபாதை, கன்றுக்குக் கன்று இடைவெளி எல்லாம் இருந்தன. வேலியோரம் ஒரு மீற்றர் அகலத்துக்கு ‘துப்புரவாக வைத்திருக்கவும்’ என்று எழுதியிருந்தான். அம்மா “நல்லாயிருக்குத் தம்பி” என்று அதைக் குசினிச் சுவரில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, துப்புரவாக வைக்கச் சொன்ன இடத்தில் பன்னிரண்டு ஆமணக்கு நட்டார்.

அந்த ஆமணக்கு இலைகள் இப்போது அரிதட்டுப் போல ஓட்டை ஓட்டையாகக் கிடந்தன. இலைக்குக் கீழே கறுப்பும் பச்சையுமாகப் புழு மொய்த்தது. கத்தரியில் ஒன்றிரண்டுதான். பழுது எங்கே என்பது தெளிவாக இருந்தது. பழுதான பகுதியைக் கழற்று, மற்றதைக் காப்பாற்று. பதினொரு மரத்தை வெட்டி, காய்ந்த பிறகு எரிக்கலாம் என்று வேலியோரம் குவித்தான். பன்னிரண்டாவது, வேலி கிணற்றடியைத் தொடும் மூலையில் நின்றது. கை நொந்ததால் விட்டுவிட்டான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போய்ப் பார்த்தபோது கத்தரிப் பாத்தியில் பாதி இலை இல்லை. நரம்பு மட்டும் நின்றது. பிஞ்சுகளில் துளை விழுந்திருந்தது. அவன் பாத்தி நடுவில் நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை.

வேலிக்கு அப்பால் இருந்து பக்கத்து வீட்டு யூலியானா எட்டிப் பார்த்தாள். மீன்பிடிக் குடும்பம். அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். அம்மாவின் கோழிகள் இப்போது அவளிடம்தான் நின்றன.

“என்ன நிலக்ஷன், வேலிக்கரையை மொட்டையடிச்சுப் போட்டீர்?”

“ஆமணக்கு முழுக்கப் புழு. அதுதான் வெட்டினனான்.”

“புழு இருக்கத்தானே உம்மட அம்மா நட்டவ!”

அவன் வேலியோரத்துக் குவியலைத் திரும்பிப் பார்த்தான்.

“பூச்சி வந்து முதல் ஆமணக்கிலதான் முட்டை போடும். கத்தரியைத் திரும்பியும் பாராது. தேவி அக்கா விடியப்பறம் பால்மாப் பேணியோட வந்து, முட்டை இருக்கிற இலையைக் கிள்ளி, புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவா. நாளாந்தம். நானும் இந்த வேலியில நிண்டு அவவோட கதைக்கிறனான். உமக்குத் தெரியாதோ?”

“தெரியாது.”

“இருவது நாளா ஒருத்தரும் பொறுக்கேல்லை. பெருகித்தான் கிடந்திருக்கும். நீர் அதின்ர சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிப் பறிச்சுப் போட்டீர். அது பக்கத்துக் கடைக்குப் போகாமல் என்ன செய்யும்? லிப்ற் எஞ்சினியராம்.”

“எஞ்சினியர் இல்லை. ரெக்னீசியன்.”

“அப்ப சரி, மன்னிக்கலாம்,” என்றாள் யூலியானா. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “முப்பத்தொண்டுக்கு எத்தினை நாள் இருக்கு?”

“ஒன்பது.”

அவன் சைக்கிளில் கடைக்குப் போய் பூச்சி மருந்துப் போத்தல் ஒன்று வாங்கி வந்தான். வாசலில் நின்று, அதன் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை முழுவதும் வாசித்தான். தெளித்துப் பதினாலு நாளைக்கு அறுவடை செய்யக் கூடாது என்றிருந்தது. ஒன்பதுக்குள் பதினாலு போகாது. தெளித்தால் காய் தப்பும், படைக்க ஏலாது. போத்தலைத் திறக்காமல் அலுமாரிக்கு மேலே வைத்தான்.

பிறகு வெட்டிக் குவித்த ஆமணக்கைப் புரட்டிப் பார்த்தான். எல்லாம் வாடிச் சுருண்டுவிட்டது. ஆனால் அடியில், ஈரம் இருந்த இலைகளில், புழு இன்னும் அடைந்து கிடந்தது. கத்தரி பக்கத்தில் பசேலென்று நிற்க, வாடின ஆமணக்கை விடாமல் இருந்தது. அப்படியென்றால் புது ஆமணக்கிலை போட்டால் அதுக்கு வரும் என்று நினைத்தான்.

கிணற்றடியில் தப்பி நின்ற ஒற்றை மரத்தில் நல்ல இலையாக ஆறு பறித்து, பொழுதுபடக் கத்தரிப் பாத்திகளுக்கு இடையில் பரப்பினான். காலையில் ஒவ்வொரு இலையாகத் தூக்கினான். புழு கீழே சுருண்டு கிடந்தது. பால்மாப் பேணி குசினி யன்னலில்தான் இருந்தது. அதை அவன் ஏன் இவ்வளவு நாளும் காணவில்லை என்று தெரியவில்லை. பொறுக்கிப் போட்டான். பேணி முக்கால்வாசி நிறைந்தது. வேலிக்கு மேலால் கோழிகளுக்குக் கொட்டினான்.

“அப்பிடித்தான்,” என்றாள் யூலியானா. “முப்பத்தொண்டு முடியட்டும், மீன் தாறன். முந்தி உம்மட அம்மாவுக்கு நான் மீன் குடுக்க, அவ எனக்குக் கத்தரிக்காய் தருவா. ஒரு சொத்தைக்காய் தந்தது கிடையாது, தெரியுமோ.”

நாளுக்கு ஆறு இலை. மூன்றாம் நாள் பேணி பாதிதான் நிறைந்தது. ஆறாம் நாள் அடி மட்டும் மூடியது. அவன் பொறுக்கினான், கொட்டினான், பேணியைக் கழுவி யன்னலில் வைத்தான். ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

முப்பத்தோராம் நாள் விடிய நான்கு காய் பறித்தான். நான்கிலும் துளை இருந்தது. குசினி மேசையில் வைத்தான்.

சின்னம்மா ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். “என்னடா இது?”

“இவ்வளவுதான்.”

“ஓட்டைக்காயை எப்பிடிப் படைக்கிறது? சனம் பாத்தால் என்ன சொல்லும்? பொறு, தோட்டத்துக்காரர் ஆரிட்டையும்...”

“சின்னம்மா, அம்மா எந்தக் காய் தின்னுறவ?”

“என்ன கேள்வி இது?”

“எனக்குக் கொழும்புக்குப் பாசல் வரும். ஒரு காயிலும் ஓட்டை இருக்காது. யூலியானாவுக்குக் குடுத்ததிலயும் இல்லையாம். உங்களுக்கு?”

சின்னம்மா காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் நல்லதுதான் தருவா,” என்றார். “நல்லதெல்லாத்தையும் ஊருக்கு அனுப்பிப்போட்டு, இவ குந்தியிருந்து ஓட்டையைச் சுத்தி வெட்டுவா. ஏனக்கா எண்டு கேட்டால், புழு ருசி பாத்துத்தான் கடிச்சிருக்கு எண்டுவா.”

பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கத்தியை அவனிடம் நீட்டினார். “சரி, வெட்டு. அவவுக்கு இதுதான் பழக்கம். கடுகளவும் வீணாக்காத, அதுக்கும் என்னைத்தான் பேசுவா.”

அவன் குந்தியிருந்து துளையைச் சுற்றி வெட்டினான். பால்கறி சின்னக் கிண்ணம் ஒன்று நிறைய வந்தது. அதை வாழையிலையில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். படைத்த பிறகு சின்னம்மா அவனுக்கும் ஒரு துண்டு போட்டார். அவன் தின்றான். ருசி தெரியவில்லை. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினான்.

பின்னேரம் ஆட்கள் போனபின், குசினிச் சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்தான். ‘துப்புரவாக வைத்திருக்கவும்’ என்பதைக் குறுக்கே கீறினான். அளவுகோல் வைத்து, மீற்றருக்கு ஒன்றாக, வேலியோரம் பன்னிரண்டு வட்டம் போட்டான். பக்கத்தில் ‘ஆமணக்கு’ என்று எழுதினான். கீழே மூலையில், வேலையிடத்தில் எழுதுவது போல, ‘திருத்தம் 1’ என்று எழுதித் திகதி போட்டான். திருத்தியவர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனை நின்றது. பிறகு அம்மாவின் பெயரை எழுதினான்.