நான் சொன்ன நன்றி
ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் பக்கத்து வீட்டுச் சுகந்திக்கு மொழிபெயர்க்கத்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அவளுடைய துப்புரவு வேலை ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஆறு மாதக் கர்ப்பிணி. பாரம் தூக்கக் கூடாதென்ற டாக்டர் கடிதத்தைப் பார்த்த அதிகாரி, "வேலை செய்ய முடியாதவருக்கு வேலையில்லாதோர் உதவிப்பணம் கிடையாது" என்றார்.

அதை நான் தமிழில் சொன்னதும் சுகந்தி கொதித்தாள். "பாரம் தூக்கத்தான் ஏலாது. இருந்து செய்யிற வேலை தரட்டும், நாளைக்கே போறன். சொல்லுங்கோ அக்கா!"

அகதியாக வந்த நாளிலிருந்து அலுவலகங்களில் குனிந்தே பழகியவள் நான். "நன்றி சொல்கிறாள்" என்று மட்டும் ஜேர்மன் மொழியில் சொல்லிவைத்தேன்.

அந்தச் சொல் சுகந்திக்குத் தெரியும். "எதுக்கு நன்றி?" என்று என்னைக் கேட்டாள்.

கூசிப்போனேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே, அவளுடைய சூட்டோடேயே அதிகாரியிடம் சொன்னேன். அவர் அசையவில்லை.

அன்றே மறுப்பை எதிர்த்துக் கடிதம் எழுதினோம். வழக்கமாகக் கடைசியில் போடும் நன்றியை நான் போடவில்லை.