அம்மா மாற்றிச் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கைக் கீழே இருப்பவர்கள் பக்கம் நீட்டுவார். அந்த வாரம் கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். அதற்குச் சாட்சி என்று பெயர். அண்ணனூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் நடக்கிற சின்னச் சபை அது. என் அம்மாவின் சாட்சிக்கு அங்கே தனி மவுசு உண்டு. தண்ணீர் லாரி வந்தது, அப்பாவின் முதுகுவலி குறைந்தது, அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர் மனமிரங்கி லீவு கொடுத்தது என்று ஒன்றையும் விடமாட்டாள். முதலில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள், முடிக்கும்போது அழவும் வைத்துவிடுவாள். எனக்குத்தான் மானம் போகும். நான் பெரியவளான செய்தியைக்கூட அவள் நன்றியோடு மைக்கில் சொன்னவள்.

பள்ளி முடிந்ததும் இலக்கியம் படிக்கப் போகிறேன் என்றேன். மார்க் குறைந்துவிட்டதா என்று காலனியில் துக்கம் விசாரித்தார்கள். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. இரண்டுமே சின்னக் கலைக் கல்லூரிகள், பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஒன்று நசரத்பேட்டையைத் தாண்டி, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஆவடி போய், பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறினால் போதும். அங்கே நேர்முகத்தில் ஒரு மேடம் நான் கடைசியாகப் படித்த கதையைப் பற்றிக் கேட்டு, நான் சொன்னதை ஒத்துக்கொள்ளாமல் என்னோடு சரிக்குச் சரி சண்டை போட்டார். மற்றது தூரத்தில், ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில், மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் கருங்கல் கட்டடம், உயரமான ஜன்னல் வைத்த நூலகம், வெளியே மழை. மழையைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவள் நான். அம்மாவின் மைக் எட்டாத தூரம் என்பதும் ஒரு காரணம். அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

எனக்கு இடம் கிடைத்தால் சபையில் சாட்சி சொல்வதாக அம்மா கடவுளிடம் பொருத்தனை பண்ணியிருந்தாள். பொருத்தனையைத் தள்ளிப் போடக்கூடாது என்பது அவள் கணக்கு. யோசித்துச் சொல்ல நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருந்தேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அம்மா எழுந்தாள். இரண்டு கதவு திறந்தது என்று ஆரம்பித்தவள், பேச்சு சூடு பிடித்ததும், தன் மகளுக்கு நசரத்பேட்டைக் கல்லூரிதான் என்று ஆண்டவர் ஜெபத்தில் காட்டிவிட்டதாக முடித்தாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. முன்வரிசைக் கிழவிகள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்களிடம் சாட்சி சொல்லிவிட்டால் சொன்னதுதான். கல்யாணத்தைக்கூட நிறுத்திவிடலாம், சாட்சியை வாபஸ் வாங்கியவர்கள் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ருத்ரதாண்டவம் ஆடினேன். அம்மா முதலில் குரலை உயர்த்தினாள், பிறகு கெஞ்சினாள்.

"சபைல சொல்ட்டேன்டி. இனிமே நான் இன்னா பண்றது?"

"நீ சொன்னது உன் ஆசை. அதுக்கு எதுக்குக் கடவுளை இழுக்கிற?" என்றேன்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. அப்பா கார் ஷெட்டில் மின்சார ரயில்களுக்கு பிரேக் பார்க்கிறவர். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.  அந்த வாரம் முழுக்க நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் மைக்கை நீட்டியதும் அம்மா எழுந்து நின்றாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"போன வாரம் நான் சொன்னது ஆண்டவர் சொன்னது இல்ல. என் பொண்ணு ஊட்லயே இருக்கணும்னு எனக்கு ஆசை. என் ஆசைய அவர் பேர்ல சொல்ட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டை எடுத்துக்கொடுத்தார். அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் கையைப் பிடித்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, அப்பாடா, போகலாம் என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகு அம்மா சாட்சி சொல்ல எழவே இல்லை என்று அப்பா போனில் சொன்னார். அவள் பார்த்துவந்த பெண்கள் ஜெபக்கூட்டப் பொறுப்பும் வேறொருவருக்குப் போய்விட்டதாம்.

நான் போய்ச் சேர்ந்த இடத்தில் நூலகத்துப் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. வகுப்பில் நோட்ஸ் சொல்வார்கள், நாங்கள் எழுதுவோம். கேள்வி கேட்டால் பரீட்சைக்கு அது வராது என்பார்கள். அந்த மழையில் துணி காயாது, துணியோடு மனசும் நமுத்துப் போனது. என் பள்ளித் தோழி நசரத்பேட்டைக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அந்த மேடம் தங்களை வைத்து நாடகம் போடுகிறார், வகுப்பில் தினமும் சண்டைதான் என்று மெசேஜ் அனுப்புவாள். எனக்கு வயிறு எரியும்.

ஞாயிறு தோறும் அம்மா கூப்பிடுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"புடிச்சிக்குதா?"

பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். அது போதாதென்று நானாகச் சேர்த்துக்கொண்டே போனேன். நூலகத்தில் எனக்கென்று ஒரு ஜன்னலோர நாற்காலி, அங்கே டீ கொண்டுவந்து கொடுக்கும் ஒரு அக்கா, என்னோடு விவாதம் செய்யும் பேராசிரியர். நசரத்பேட்டை மேடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மலையடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டேன். பேச்சு சூடு பிடித்தால் எனக்கும் நிறுத்தத் தெரியாது. அந்த விஷயத்தில் நான் அம்மாவின் மகள்.

இந்த விடுமுறைக்கு வந்தபோது சபைக்குப் போனோம். பாட்டு முடிந்து மைக் வந்தது. வெகுநாள் கழித்து அம்மா எழுந்தாள். தான் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்ததையும், கடவுள் அவளைத் தூரமாகக் கூட்டிப்போய்ச் சந்தோஷமாக வைத்திருப்பதையும் சொன்னாள். ஜன்னலோர நாற்காலியைச் சொன்னாள். டீ கொடுக்கும் அக்காவைச் சொன்னபோது சபை சிரித்தது. பேராசிரியரிடம் வந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

பிறகு மைக்கை என்னிடம் நீட்டினாள். "நீயே சொல்லும்மா."

எல்லாத் தலைகளும் திரும்பின. உண்மையைச் சொன்னால் அம்மா இரண்டாவது முறையும் பொய்க்காரி ஆவாள். ஏற்கெனவே ஒரு தடவை அவள் அதைத் தாங்கியிருந்தாள், அதுவும் எனக்காக. நான் எழுந்து, அம்மா சொன்னது எல்லாம் உண்மை என்றேன். சபை ஸ்தோத்திரம் என்றது. 

அம்மா உட்கார்ந்து என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை, அன்னிக்கு நீ என் பேச்ச கேக்கல" என்றாள்.