நான் யாருக்குக் கதவைப் பிடித்தேன்

அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தது நான்கு பேர். நான், வீடு வாங்க வந்த ரஞ்சன், அவருடைய மனைவி சுபா, அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்ற் ஜூட். வேறு ஒருவரும் இல்லை. இதை எங்கள் வீட்டுப் பரிசோதகர் சங்கத்துக்கு எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். வீடு விற்கிறதுக்கு முன்னம் கூரையில் இருந்து பேஸ்மென்ற் வரைக்கும் பார்த்துப் பழுது எழுதிக் கொடுக்கிறதுதான் என் தொழில். ஆள் இல்லாத எத்தனையோ வீடுகளில் தனியாகப் புகுந்து வந்திருக்கிறேன், சுவருக்குள் சத்தம் கேட்டால் குழாயா, கூரைக்குள் புகுகிற ரக்கூனா என்று கேட்டவுடனே சொல்வேன். பயம் எனக்கு நிறைய உண்டு, ஆனால் அதெல்லாம் மனிதர்களைப் பற்றின பயம். யார் முறைப்பாடு போடுவான், யார் வழக்கு வைப்பான் என்று நினைத்தே நித்திரை கெடும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். கனடாவுக்கு வந்து பல வருடம் கூரை வேலை செய்து, முழங்கால் போன பிறகு, மூன்றாம் தரம் எழுதித்தான் இந்தச் சோதனை பாஸ் பண்ணினேன். அந்தச் சங்க அட்டை இல்லாவிட்டால் ஒரு ஏஜென்றும் என்னைக் கூப்பிடமாட்டான், திரும்பக் கூரைதான்.

வீடு வோபர்னில், பழைய செங்கல் வீடு, வெறும் வீடு. பெப்ரவரி, பகல் இரண்டு மணி. ஜூட் பூட்டைத் திறந்துவிட்டார். சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, பேஸ்மென்றில் வெப்பக் கமராவை எடுக்கும் வரைக்கும். சூடு படம் பிடிக்கிற கமரா அது, சுவருக்குள் ஈரம் இருந்தால் காட்டும். குளிரானது நீலமாகத் தெரியும், சூடானது மஞ்சளாகத் தெரியும். வெளிச்சுவர் முழுக்க நீலம், அந்தக் குளிருக்கு அப்படித்தான் இருக்கவேண்டும். மூலையில் மட்டும் ஒரு மஞ்சள். தலை, முதுகு, நிலத்தில் பதிந்த இடுப்பு, மடக்கிய கால்.

எட்டிப் பார்த்த ரஞ்சன் சிரித்தார். "உது என்ன அண்ணை, ஆரோ குந்தியிருந்திட்டு இப்பத்தான் எழும்பிப் போன மாதிரிக் கிடக்கு?"

"பின்னால சுடுதண்ணிக் குழாய் போகுமாக்கும்," என்றார் ஜூட்.

வெளிச்சுவருக்குள் யார் சுடுதண்ணிக் குழாய் வைப்பான்? எனக்கு உடனே ஜூட்டில்தான் சந்தேகம் வந்தது. யாரோ வாடகைக்கு இருக்கிறான், நாங்கள் வருகிறோம் என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள், நாளைக்கு இந்தச் சனம் வாங்கின பிறகு அவன் எழும்பமாட்டேன் என்று நின்றால் பழி என் தலையில். கேட்காமலே போய்ப் பார்த்தேன். பக்கக் கதவு உள்ளே தாழ்ப்பாள், ஜன்னல்கள் பெயின்ற் ஒட்டித் திறக்கவே இல்லை, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் அறைக்குள் ஒரு ஆள் நிற்க இடமில்லை. திரும்பி வந்து அந்த மூலையைக் கையால் தொட்டேன். நம்பினால் நம்புங்கள், ஐஸ் மாதிரி இருந்தது. கமராவில் மஞ்சள்.

ரஞ்சன் பகிடிக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து குந்தி எழும்பினார். அவருடைய அடையாளமும் மஞ்சளாக விழுந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் மங்கிப் போய்விட்டது. மற்றது மங்கவில்லை.

"மேல வாங்கோப்பா, விசர் விளையாட்டு விளையாடாமல்," என்று சுபா மேலே போய்விட்டார்.

"அண்ணை, உதை ரிப்போர்ட்டில போட்டுச் சனத்தை வெருட்டாதேங்கோ," என்றார் ஜூட் மெதுவாக.

கண்டதை எழுது, ஊகத்தை எழுதாதே என்றுதான் சங்கத்திலும் படிப்பித்தார்கள். கண்டது என்று எதை எழுதுவது? எழுதவில்லை. எல்லாம் முடிந்து லைற் அணைக்கக் கீழே போனபோது இன்னொருதரம் கமராவைப் பிடித்தேன். மூலை முழுக்க நீலம். அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு, உண்மையைச் சொல்கிறேன். ஒரு ஆள் குந்தியிருந்த இடம் ஆறிப்போனால் அவன் எழும்பிவிட்டான் என்றுதானே அர்த்தம், அது அப்போது எனக்குப் புத்தியில் ஓடவில்லை.

வெளியே வந்து கார் டிக்கிக்குள் ஏணியை ஏற்றினேன், வீட்டுக்கு வெளிக்கிட்டேன். வழியில் காதில் குளிர் அடித்தது, பார்த்தால் பக்கத்துச் சீற் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. ஏற்றிவிட்டேன். காசு கைக்கு வராமல் ரிப்போர்ட் கொடுக்காதே என்று சங்கத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எங்கட சனத்திடம் வாசலில் நின்று காசு கேட்க எனக்கு வாய் வராது. ரிப்போர்ட்டை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

மூன்று கிழமை கழித்துச் சங்கத்தில் இருந்து கடிதம். அந்த வீட்டின் சொந்தக்காரி முறைப்பாடு போட்டிருக்கிறாள், நான் அனுமதி இல்லாமல் ஐந்தாவதாக ஒரு ஆளை வீட்டுக்குள் விட்டேனாம், வாசல் மணியில் இருக்கிற கமரா சாட்சியாம்.

விசாரணை கம்ப்யூட்டரில்தான் நடந்தது, மூன்று பேர் இருந்தார்கள், அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நான்கு பேர் உள்ளே போகிறோம். பிறகு சுபா வெளியே வருகிறார், ரஞ்சன், ஜூட், கடைசியாக நான். நான் வந்த பிறகு கதவைச் சாத்தவில்லை. கையால் அகலப் பிடித்துக்கொண்டு, வயதான ஆள் ஒன்று வந்தால் ஒதுங்கி நிற்பதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். எண்ணிப் பாருங்கள், ஆறேழு செக்கன். பிறகு சாத்துகிறேன்.

"யாருக்குக் கதவைப் பிடித்தீர்கள்?" என்று தலைமையில் இருந்த பெண் கேட்டார்.

"கதவு இறுக்கம்," என்றேன். சத்தியமாக எனக்கு அப்படி நின்ற ஞாபகமே இல்லை.

ஐந்தாம் ஆள் படத்தில் இல்லை, அதனால் முறைப்பாட்டை மூடினார்கள். ஆனால் அப்படி ஒரு ஆளைக் கண்டதாக யாராவது பிறகு சொன்னால் திரும்பத் திறப்போம், பொய் சொன்னதாகத் தெரிந்தால் அட்டை போகும் என்று கடிதத்தில் இருந்தது.

அந்த நிம்மதியில்தான் ரஞ்சனுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் அந்த வீட்டை வாங்கவில்லை, அது வேறு கதை, என் கூலி இன்னும் வரவில்லை.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ, அந்த இன்ஸ்பெக்சன் காசு..."

"என்ன அண்ணை, நான் அண்டைக்கே தந்திட்டன்!"

"ஆரிட்ட?"

"உங்கட காரில முன்சீற்றில இருந்த ஐயாட்ட. நீங்கள் பின்னால ஏணி ஏத்திக்கொண்டு நிண்டனீங்கள். அவர் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினார், குடுத்தன். உங்கட அப்பாவாக்கும் எண்டு நினைச்சன். சுபாவும் கண்டவ, கேளுங்கோ."

என் அப்பா கனடாவையே காணாமல் ஊரில் கண்ணை மூடினவர்.

"அந்தக் குளிருக்கை அவற்ற கை நல்ல சூடு அண்ணை," என்றார் ரஞ்சன்.

பொய்யாக இருக்கலாம். அந்த மஞ்சள் அடையாளத்தைக் கண்ட ஆள்தானே, காசைத் தராமல் அமத்துகிறதுக்கு நல்ல கதை. ஆனால் கண்ணாடி இறங்கியிருந்ததை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. காரைக் கழற்றாத குறையாகத் தேடினேன், ஒரு சதம் இல்லை. வெப்பக் கமரா இப்போதும் டிக்கியில்தான் கிடக்கிறது, அந்தச் சீற்றுக்கு நேராக அதை இன்றைக்கு வரைக்கும் நான் பிடித்ததில்லை.

கோர்ட்டுக்குப் போய்க் கேட்கவும் வழியில்லை. போனால் ரஞ்சன் அங்கே நின்று அந்த ஐயாவைப் பற்றிச் சொல்வார், சங்கம் ஃபைலைத் திறக்கும். நான்கு பேர் என்று கையெழுத்து வைத்தவன் நான். அதனால் பேசாமல் இருக்கிறேன். கூலி நானூற்றைம்பது, வரி ஐம்பத்தெட்டரை. எனக்கு வரவேண்டியது இன்னும் ஐந்நூற்றெட்டு டொலர் ஐம்பது சதம்.