கச்சான் காற்று கட்டிய காசு

என் இளைய மகள் வங்கிக் கடன் படிவத்தை நீட்டியபோது நான் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே வாங்கினேன். தாளில் செதில் ஒட்டிக்கொண்டது. எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியும், அதற்கு மேல் இல்லை. அதனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இதுல வட்டி இரிக்கா?" ஓம் என்றாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடலுக்குப் போய் வெறுங்கையோடு வந்த நாட்களில்கூட அவளுடைய வாப்பா வட்டிக்கு வாங்கியவரில்லை. மார்க்கம் விலக்கிய அந்த ஹராமை இப்போது வீட்டுக்குள் விடுவதா என்று எனக்குப் பெரிய வீம்பு.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு அவளுக்குக் கொஞ்சப் புள்ளிதான் குறைந்திருந்தது. இரத்தம் சோதிக்கும் ஆய்வுகூடப் படிப்புக்குக் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரி இடம் கொடுத்திருந்தது. வருடம் முடிவதற்குள் முதல் தவணைக் காசைக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அவள் படிவத்தை மடித்துக்கொண்டே, "அப்ப நான் ஆலங்குடாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போறன்," என்றாள். சண்டைக் குரலில் இல்லை, கடைக்குப் போய்வருகிறேன் என்பது போல.

எங்கள் கரையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் வள்ளங்களை மணலில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். மாதக் கணக்கில் தொழில் இராது. அந்தக் காற்றைத் திட்டித் திட்டியே எனக்குத் தலை நரைத்தது. அதே காற்றைத் தேடித்தான் வெள்ளைக்காரர்கள் ஆலங்குடா ஹோட்டல்களுக்கு வந்து, இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலின் மேல் வழுக்கி விளையாடுகிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் வேலை, ஓய்ந்ததும் படிப்பு என்று மகள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். ஒரு தவணை படித்து, ஒரு தவணை விட்டுப் படிக்கக் கல்லூரியும் சம்மதித்திருந்தது.

கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை ஹோட்டலுக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கடனை மறுத்த நான் வேலையையும் மறுத்தால் பிள்ளை எங்கே போவாள்? அவளுடைய வாப்பா என் முகத்தையே பார்த்தார். "நானும் போறன்," என்றேன். அந்த வாரமே மகள் வந்தவர்களை வரவேற்கும் முன்மேசையில், நான் சமைக்கும் குசினியில்.

பக்கத்து வீட்டு மச்சி வேலியடியில் நின்று, "உம்மாவும் மகளும் வெள்ளக்காரனுக்கு ஆக்கிப் போடப் போறீங்களாம்," என்றாள்.

"ஓம் மச்சி. அவன் திண்டுட்டு நல்லாரிக்கி எண்டு செல்லுறான். நீங்க இருவது வருசமா என்ட வீட்டுல திங்கிறீங்க, ஒரு நாளாச்சும் சென்னீங்களா?"

அதன்பின் என் காதுபட ஒருவரும் கதைக்கவில்லை.

மூன்றாம் வருடம் காற்று வந்தது, வெள்ளைக்காரர்கள் வரவில்லை. நாட்டு நிலைமை அப்படி. ஹோட்டலைப் பூட்டினார்கள், மகளின் படிப்பும் நின்றது. கடன் எடுத்துப் படித்த அவளுடைய கூட்டாளிமார் முடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு படம் அனுப்பினார்கள். அவள் என்னோடு நின்று கருவாடு காயப்போட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஹோட்டல் மறுபடி திறந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மூன்று வருடப் படிப்பை ஏழு வருடத்தில் முடித்தாள். இன்று புத்தளத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஒருவருக்கும் ஒரு சதம் கடனில்லாமல் என் மகள் படித்தாள் என்று கல்யாண வீடு, மையத்து வீடு பாராமல் சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் என் தங்கையின் மகள் வந்தாள். அவளுக்கும் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவளுக்குக் கிடைக்கவிருந்தது அரசாங்கம் வட்டியில்லாமல் கொடுக்கும் கடன். என் மகள் சேர்ந்த கல்லூரிக்கு அது இருக்கவில்லை. அதை எடுப்பதா, ராத்தா என்று அவள் கூப்பிடும் என் மகளைப் போல ஹோட்டலில் சேர்வதா என்று என்னிடம்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"கடன எடு தங்கச்சி. நான் விட்டுட்டு விட்டுட்டுப் போன நேரமெல்லாம் வகுப்புல புதுப் புள்ளைகள். என்ட பேர் தெரிஞ்ச ஒருத்தரும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கருவாடு போட்ட வருசம் நான் அந்தப் புத்தகங்களத் தொடவே இல்ல. தொட்டா அழுதிருப்பன்."

எனக்கு அது தெரியாது. அந்த வருடம் முழுவதும் ஒரே பாயில் படுத்தவள் நான், எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த ஏழு வருடத்துக்காக நான் தலை குனியமாட்டேன். ஒரு பக்கம் வட்டி, ஒரு பக்கம் ஊர் வாய், நடுவில் எங்களுக்கிருந்தது அந்த ஒரு ஒற்றையடிப் பாதைதான். அதில் நடந்தோம், போய்ச் சேர்ந்தோம். அதற்காக, தார் றோட்டு இருக்கிற பிள்ளையையும் முள்ளில் நடக்கச் சொல்லலாமா?

"ராத்தா செல்லுறத கேளு," என்று தங்கையின் மகளிடம் சொன்னேன். "எடு மகள். நிக்காமப் படி."

மகள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருடமும் சொல்லாததையெல்லாம் சொல்லிவிட்ட களைப்பு அவள் முகத்தில் இருந்தது. நான் பார்வையை எடுக்கவில்லை.

"ஆனா லீவு கிடைச்சா குசினிக்கு வா," என்று சின்னவளிடம் சொன்னேன். "இந்த வயசுல எனக்கு வெங்காயம் உரிக்கக் கண் எரியிது."

"சம்பளம் தருவீங்களா பெரியும்மா?"

"நல்லாக் கேளு," என்றாள் என் மகள். "உம்மாக்கிட்ட முதலே பேசி வெச்சுக்க."