அந்த ஊர்ப் புதன்கிழமை

பாகாலாவிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போகும் ரயிலில்தான் தாய்லாந்து மொழி படித்தேன். ஆசைப்பட்டு இல்லை. பாங்காக்குக்கு ஓட்டல் வேலைக்கென்று போன தம்பியிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. அனுப்பிவைத்த ஏஜெண்ட் நம்பரையே மாற்றிவிட்டான். மிச்சம் இருந்தது, தம்பி வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்கார அம்மா ஒருவர்தான். அவருக்குத் தாய்லாந்து மொழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

வான் ஜான் என்றால் திங்கள். வான் அங்கான் செவ்வாய், வான் புத் புதன், வான் சாவ் சனி. சந்திரன், அங்காரகன் என்று நம் நவக்கிரகங்களே அங்கேயும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இவ்வளவு பழக்கமான ஊரிலா ஒருவன் காணாமல் போவான் என்று எரிச்சலாக வந்தது.

என் அம்மா ராகுகாலத்தில் போன் போட விடமாட்டாள். அங்கே கடிகாரம் ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, எந்த ஊர் ராகுகாலத்தைப் பார்ப்பது என்று கேட்டேன். இரண்டையும் பார்க்கச் சொன்னாள். அவளோடு யார் மல்லுக்கட்டுவது? இரண்டும் கழியும்வரை போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எந்தக் கிழமை போனான் என்று ஒருவழியாகத் தட்டுத்தடுமாறிக் கேட்டுவிட்டேன். வான் புத், இரவு என்றார் அந்த அம்மா. பையோடு யாருடைய காரிலோ ஏறினானாம். பிறகு குரலைத் தாழ்த்தி, ராகு என்றார். அவர்கள் ஊரில் பகல் மட்டும்தான் புதனுக்கு; இருட்டிவிட்டால் அது ராகுவின் பொழுதாம். மாதம் தவறாமல் காளஹஸ்தியில் ராகு பூஜை செய்கிற அம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. அன்றிலிருந்து புதன்கிழமை பொழுது சாய்ந்தால் வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் தெருவில் எதுவும் இருக்காது. மறுபடி வந்து உட்கார்ந்தால் மறுபடி கேட்கும்.

போன வாரம் அந்த அம்மாவே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். யார் உதவியும் இல்லாமல் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்: வான் ஜான், அறைக்கு வேறு ஆள் வருகிறார். தம்பியின் துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டாராம்.

நான் ரயிலில் படித்ததை வீட்டிலும் முணுமுணுத்து முணுமுணுத்து அம்மாவுக்கும் கிழமைகள் மட்டும் பழகியிருந்தன. அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வான் ஜான்னா திங்கக்கெழமதானேடா? கெளம்பி வந்துகினு இருக்கானா?"