மாட்டு ஊசியும் ஆளுக்கொரு போனும்

கால்நடை ஆய்வாளர் வேலையில் மாட்டிடம் உதை வாங்குவது ஒரு நொடி. மாட்டுக்காரர் நீட்டும் போனைப் பார்த்து முடிப்பது அரை நாள்.

கச்சிராயபாளையம் பக்கம் ஊர் ஊராக ஸ்கூட்டியில் போய், ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து, மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி போடுகிறவள் நான். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். நீங்கள் சாப்பிடும்போது போனை மூக்குக்கு நேராக நீட்டி, "இதப் பாரு, நம்மகிட்ட எல்லாத்தையும் மறைக்கிறானுங்க" என்பார். நீங்களும் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டியிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. வாருங்கள், கொஞ்ச நேரம் சேர்ந்து புலம்பிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் மாடு

கரும்பு விவசாயி ஒருவர் தன் மாட்டை மருந்தகத்துக்கு ஓட்டிவந்தார். முன்னங்காலில் நொண்டல். நான் காலைத் தூக்குவதற்குள், நோயின் பெயரையே சொல்லிவிட்டார். வாயில் நுழையாத பெயர். பத்து வீடியோ பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் அதே நோயாம். முதல் வீடியோவை முழுசாகப் பார்த்ததால் மற்ற ஒன்பதும் தானாக வந்து நின்றன என்பது அவருக்குத் தெரியாது. பத்துப் பேர் பார்த்துச் சொன்ன மாதிரி நினைத்துக்கொண்டார்.

குளம்புக்கு நடுவே கருவேல முள் இருந்தது. பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். முள்ளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். மனசே இல்லாமல் சொன்னார்: "போன்ல இருந்த மாடும் இப்படித்தாங்க நொண்டுச்சு. அது வெள்ளைக்காரன் மாடு, அங்க கருவேலம் கெடையாது போல."

அஞ்சலையின் கேள்வி

இப்போது சிரிக்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஏரிக்கரைத் தெருவில் அஞ்சலை இருக்கிறாள். கரும்புத் தோட்டத்தில் களை வெட்டப் போகிறவள். புருஷன் கட்டட வேலைக்கு வெளியூரில். அடுத்தவர் வரப்பில் நின்று கூலி கேட்காத ஒரு நாளாவது வர வேண்டும் என்று அவள் வாங்கியது ஒரே ஒரு கிடாரி. அது இப்போது தலைச்சினை. பக்கத்து ஊருக்குக் கோமாரி வந்துவிட்டது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து மாட்டை முடக்கிப் போடும் நோய். சினை மாட்டுக்கு வந்தால் கன்றும் போகலாம். வந்த பிறகு தடுப்பூசி போட்டுப் பயனில்லை. தடுப்பூசி முகாமுக்குத் தேதியும் குறித்தாயிற்று. அஞ்சலை மட்டும் மாட்டை அவிழ்க்க மாட்டேன் என்கிறாள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமில்லை. போனிடம் வாயால் கேட்பாள். கேட்டது இதுதான்: "செனை மாட்டுக்கு ஊசி போட்டா கன்னு செத்துடுமா?" செத்த கன்றின் பக்கத்தில் ஒருவர் அழும் வீடியோ வந்திருக்கிறது. எந்த ஊர், என்ன நோய், எதுவும் அதில் இல்லை. இவளும் கூடவே அழுது கடைசிவரை பார்த்திருக்கிறாள். மறுநாள் போனைத் திறந்தால் இன்னொரு கன்று. அதற்கடுத்த நாளும் அதே கதை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்: "நான் ஒண்ணும் சொல்லலீங்க மேடம், அதுவே காட்டுது. சாமி மாதிரி, என் மனசுல இருக்கறத தெரிஞ்சிக்கினு காட்டுது."

ஒரு வூடு, ரெண்டு தீர்ப்பு

அதே தெருவில் செல்வமும் பரிமளாவும் புருஷன் பெண்டாட்டி. ஒரு கறவை மாடு. செல்வத்துக்கு மூலிகை வீடியோ என்றால் உயிர். பரிமளாவின் தங்கை நர்ஸ். அவள் அனுப்புவதை எல்லாம் பரிமளா பார்ப்பாள். நான் வாசலில் நிற்கும்போது இரண்டு பேரும் அவரவர் போனிடம் ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் கேட்டார்கள்: "கோமாரிக்கு ஊசி போடலாமா?" அவர் போனில் வெற்றிலை, மிளகு, "ஊசி வேண்டாம்" என்று மீசை முறுக்கும் ஒருவர். இவள் போனில் வெள்ளைக் கோட்டு டாக்டர்.

டீக்கடையில் நாம் போய் நின்றதும் கேட்காமலே வழக்கமான டீயைப் போட்டு நீட்டுவாரே மாஸ்டர், அதைத்தான் போனும் செய்கிறது என்று விளக்கினேன். ஊரில் எல்லாரும் அதே டீதான் குடிக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். செல்வம் ஒத்துக்கொள்ளவில்லை, தன் போன்தான் சரி என்றார். பரிமளா மாட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவரு போனு அவர மாதிரியே பேசுது, எம்போனு என்ன மாதிரியே பேசுது. மாட்டுக்கு ஒரு போனு வாங்கிக் குடுத்துட்டா அதுவே சொல்லிடும்ங்க."

என் போன்

இத்தனை பேருக்குப் பாடம் எடுத்த நான், ஒருநாள் மருந்தகத்தில் பெருமையாகச் சொன்னேன்: "ஏழுமலை, ஜனங்க மாறிட்டாங்க. எங்க பாத்தாலும் தடுப்பூசியப் பாராட்டித்தான் எழுதுறாங்க." ஏழுமலை எங்கள் உதவியாளர், மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர்.

அவர் தன் போனை எடுத்து, கோமாரிக்கு ஊசி போடலாமா என்று கேட்டார். ஒரு கபடி வீடியோ, கீழே "ஊசியால் மாண்ட மாடுகள்", இன்னொரு கபடி, மறுபடியும் மாண்ட மாடுகள். வேடிக்கைக்காக ஒரே ஒரு தடவை அந்த மாதிரி ஒன்றைப் பார்த்தாராம், அன்றிலிருந்து விடவில்லையாம். பிறகு என் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஒரு எதிர்ப்பேச்சுகூட இல்லை. திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "மேடம், உங்க போனு உங்ககிட்ட சம்பளம் வாங்குது போல."

ரிப்பேரான போன்

கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூர். சிக்னல் ஒரு பாறைமேல் மட்டும்தான் கிடைக்கும். அங்கே மகளிர் குழுவுக்கென்று ஒரு போன்; ஊரே அதில்தான் கேட்கும். குழந்தைக்கு இருமல், மரவள்ளிக்கு விலை, சினிமாப் பாட்டு, மாட்டுக்கு ஊசி, எல்லாம் ஒரே போனில். நான் போன அன்று ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நல்லது என்று ஒன்று, கெட்டது என்று ஒன்று, நடுவே டிராக்டர் விளம்பரம். எது சரி என்று பாறைமேலேயே பெரிய சண்டை. கடைசியில் ஒருத்தி, "போன தடவ செனையில ஊசி போட்ட மாடு யாருது, வாங்க போய்ப் பாக்கலாம்" என்று எழுந்தாள். கூட்டம் மொத்தமும் கொட்டிலுக்குப் போய்த் தாயையும் கன்றையும் பார்த்தது. மதியத்துக்குள் எல்லா மாட்டுக்கும் போட்டு முடித்தேன்.

எனக்கு வயிற்றெரிச்சலாகவே இருந்தது. கீழே ஆளுக்கொரு போன் வைத்துக்கொண்டு ஒரு தெருவை நகர்த்த முடியவில்லையே! கிளம்பும்போது காளியப்பன் என்பவர் அந்தப் போனை என் கையில் திணித்தார். "இது ரிப்பேரும்மா. ஒரு கேள்வி கேட்டா ஒம்போது விதமா சொல்லுது. கீழ எடுத்துக்கினு போயி சரி பண்ணிக் குடு."

ஊரே சேர்ந்து கேட்கிற அந்தப் போன்தான் இந்தப் பக்கத்திலேயே சரியாக இருக்கிறது என்று சொன்னால் நம்புவாரா? கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் போன்

மலையிலிருந்து இறங்கியதும் நேராக ஏரிக்கரைத் தெருவுக்குத்தான் போனேன். இந்த மாட்டை விட்டுவிடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியாயிற்று. அஞ்சலையிடம் பரிமளாவின் போனைக் கொடுத்து, அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். அழுகிற ஆள் வரவில்லை. "இப்ப மாத்திக் கேளு, ஊசி போடலன்னா என்ன ஆகும்னு கேளு" என்றேன். எச்சில் கயிறாகத் தொங்க, புல்லை முகர்ந்துவிட்டுத் தின்ன முடியாமல் நிற்கும் ஒரு சினை மாடு வந்தது. அஞ்சலை கண்ணை எடுக்கவில்லை.

"இதையும் அப்படியே நம்பாத, இதுவும் ஒரு போனுதான்" என்று சொல்லி, சினையில் ஊசி போட்ட மாடு இருக்கும் வீடுகளுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு வீட்டில், "ரெண்டு நாளு தீனி கம்மியாத்தான் தின்னுச்சு, கன்னு நல்லா போட்டுச்சு" என்று உள்ளதைச் சொன்னார்கள். அங்கே துள்ளிய கன்றைப் பார்த்துக்கொண்டே அஞ்சலை தன் போனை இடுப்பிலிருந்து எடுத்தாள். அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. "இத்தினி நாளு எங்கூட படுத்து எங்கூட எழுந்திருச்சியே, இத ஏன் எனக்கு ஒரு வாட்டிகூட காட்டல நீ?"

முகாம்

முகாமுக்கு முந்தின நாளிலிருந்தே தெருவின் போன் குரூப்பில் செல்வம் போர் தொடங்கிவிட்டார். மூலிகை வீடியோ ஒன்று போடுவார். எதிர்த்து யாராவது ஒன்று போடுவார்கள். அவர் இன்னும் இரண்டு போடுவார். ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அஞ்சலை தன் மாட்டை முதல் ஆளாக ஓட்டிவந்தாள். எங்கள் மருந்தகத்து டாக்டர் சார் கையை உள்ளே விட்டுச் சினையைப் பார்த்து, நடுச்சினைதான், ஊசி போடலாம் என்றார். ஊசியை ஏற்றும்போது, சொல்வதில் என்ன வெட்கம், எனக்கே பயம்தான். வேறு எதனாலாவது அந்தக் கன்றுக்கு ஏதாவது ஆனால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அடுத்து பரிமளா தனியாக மாட்டைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தாள். "அவரு வரலையா?" என்றேன். தெருமுனையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவரு குரூப்புல சண்ட போட்டுக்கினு இருக்காருங்க. முடியறதுக்குள்ள சட்டுனு போட்டுடுங்க."

கிடாரிக் கன்று

அதன்பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டி தானாக அஞ்சலை வீட்டு வாசலில் நின்றது. கோமாரி எங்கள் ஊருக்கும் வந்தது. ஊசி போடாத சில மாடுகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. அஞ்சலையின் மாடு அசைபோட்டபடி நின்றது. மாதம் நிறைந்து கன்று போட்டது. நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாரி. அஞ்சலை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டாள். ஒரு நிமிடம் ஆகவில்லை, செல்வத்தின் பதில் வந்தது: "இது வேற மாடு. பழைய போட்டோ."

யாரோ படித்துக் காட்டியதும் அஞ்சலை எழுந்தாள். கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டாள். தாய் மாடு கத்திக்கொண்டே பின்னால் வந்தது. தெருவே எழுந்து பார்த்தது. செல்வத்தின் வீட்டு வாசலில் கன்றை இறக்கிவிட்டாள். அவர் போனும் கையுமாக வெளியே வந்தார். அஞ்சலை அந்தப் போனை வாங்கிப் பரிமளாவிடம் கொடுத்துவிட்டு, கன்றின் ஈர முதுகைக் காட்டிச் சொன்னாள்: "வெரலால தள்ளிக்கினே போவாதண்ணா. கைய வச்சித் தொட்டுப் பாரு."

அடுத்த சுற்று முகாமுக்குப் பெட்டியில் ஐஸ் போட்டாயிற்று. அதற்குள் அவரவர் போன் அவரவருக்கு என்ன ஓதி வைத்திருந்தாலும், அதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஊசியைப் போட்டுவிட்டுத்தான் வருவேன்.