அழிக்க முடியாத ஒரு படம்

சேலத்தில் இன்று காலை நான் வாங்கிய பழைய ஆட்டோஃபோகஸ் ஜூம் ஃபிலிம் கேமரா நன்றாக வேலை செய்கிறது. இதைச் சொன்னவர் விற்ற ஸ்டூடியோக்காரர். ஃபிலிம் சுற்றும் சத்தத்தை நானும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஓர் எச்சரிக்கையும் தந்தார். "நடுவுல எது இருக்குதோ அதத்தானுங்க இது பாக்கும். ரெண்டு பேரு தள்ளி நின்னா பின்னால இருக்கறது தெளிவா உழுகும், ஆளுக மங்கிருவாங்க."

மதியம் சங்ககிரியில் நண்பர் பழனிசாமியின் புது லாரிக்குப் பூஜை. சொத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து அவரோடு பேசாத தம்பியும் வந்திருந்தார். லாரிக்கு முன்னால் இந்த ஓரம் அண்ணன், அந்த ஓரம் தம்பி.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. லாரி நகர்ந்தால் தம்பியும் கிளம்பிவிடுவார்.

பழனிசாமியின் மனைவி என்னிடம் வந்தார். "உங்க கேமராவுல ரெண்டு பேரையும் சேத்தி எடுங்க. போன்ல எடுத்தா அடுத்த சண்டையில இவரு அழிச்சுப்போடுவாருங்க."

கேமராவை உயர்த்தினேன். நடுவில் நம்பர் பிளேட் மட்டுமே இருந்தது.

"ஒட்டி நில்லுங்க. இல்லாட்டி லாரிதான் தெளிவா வரும்."

"லாரிக்குத்தானுங்களே பூஜை?" என்றார் தம்பி.

"அட, வாடா இங்க!" அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். இருவர் தோளும் இடித்துக்கொண்ட நொடியில் பொத்தானை அழுத்தினேன்.

ஃபிலிம் கழுவுவதற்குக் கோவை போகிறது. இருவரும் தெளிவாக விழுந்தார்களா என்பது சனிக்கிழமை தெரியும்.

பழனிசாமியின் மனைவி இன்றே இரண்டு வீட்டுக்கும் ஃபிரேம் சொல்லிவிட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, இதைப் படிக்கும் நீங்களாவது அவருக்கு எழுதுங்கள். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.